நாற்பத்து மூன்று மார்க் வாங்கியவள் எழுதுவது

லிண்டால், அயோவா
அக்டோபர் 19, ஞாயிறு மதியம்

அன்பு மகன் நெல்ஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, ஒரு காது கேட்காமல் போன நம் நாய் எல்லோரும் சுகம்தான். நீ அங்கே சியாட்டில் மழையில் சளி பிடிக்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, தெம்பாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். மக்காச்சோள அறுவடை பாதி முடிந்துவிட்டது, அப்பா காலையில் கூட்டுறவுக் கிடங்குக்குப் போனால் தலை முதல் கால் வரை தூசியோடு திரும்புகிறார், வாரத்தில் நாலு நாள் நான் வீட்டில் இல்லாததால் முட்டையும் உறைந்த பீட்ஸாவும்தான் அவர் சாப்பாடு, அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, சர்ச் விருந்தில் உன் பெரியம்மா வெர்னா தட்டோடு வரும்போது மட்டும் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு இரண்டு துண்டு ஹாம் கூடுதலாக வாங்கிக்கொள்கிறார். போனில் பேசினால் உனக்கு வார்த்தை சிக்கும் என்பதால் சின்ன வயதிலிருந்தே நாம் முக்கியமானதையெல்லாம் எழுதித்தான் சொல்லிக்கொள்கிறோம், இதுவும் முக்கியமானதுதான், உட்கார்ந்து படி.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நான் பல்கலைக்கழகத்து இரசாயனத் தேர்வில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று வாங்கினேன் என்று அப்பா உனக்குச் சொல்லியிருக்கிறார், சொல்லட்டும், நான் ஒன்றும் ஒளித்து வைக்கவில்லை. ஆனால் நீ அதைக் கேட்ட கையோடு நீ படித்த ஆஷ்பி கல்லூரிக்குப் போன் செய்து, டீன் விட்கம் அம்மாவிடம் பேசி, ஜனவரியில் எனக்கு ஒரு சீட்டு வைத்திருக்கச் சொன்னாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போனில் பேச அவ்வளவு கஷ்டப்படும் பிள்ளை எனக்காகப் பேசியிருக்கிறாய், அது எனக்குத் தெரியும், அதை நினைத்து ஒரு நிமிஷம் மனது இளகியதும் உண்மை, இருந்தாலும் கோபம் போகவில்லை. நீ சொல்லும் முன்பே டீன் அம்மாவின் கடிதம் எனக்கு வந்துவிட்டது, "உங்க பையன் எல்லாம் சொன்னார், கவலையே படாதீங்க, உங்களுக்கான இடமும் உதவித்தொகையும் இங்க அப்படியே இருக்கு" என்று எழுதியிருந்தார்கள். எல்லாம் சொன்னாயாமே, என்னடா சொன்னாய், அம்மாவுக்கு முடியவில்லை என்றா? எனக்கு ஐம்பத்து மூன்று வயது, ஒரு ஊருக்கே பத்தொன்பது வருஷம் குடிதண்ணீர் கொடுத்திருக்கிறேன், என் சீட்டை நான் பார்த்துக்கொள்வேன்.

ஆஷ்பி மோசம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஸ்டாம்ப் வேண்டும் என்று கேட்கப் போய், அந்த 'ஸ்' வராமல் தபால் ஆபீஸ் வாசலிலிருந்தே திரும்பி வந்த பிள்ளை நீ. பன்னிரண்டு பேர் மட்டும் வட்டமாக உட்காரும் அந்த வகுப்பில், நீ ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை ஒரு ஆசிரியர் வாட்சைப் பார்க்காமல், உன் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்காமல் காத்திருந்தார் என்று முதல் வருஷம் நீ எழுதிய கடிதத்தை அப்பா சத்தமாகப் படித்தார், பாதியில் காகிதத்தை என்னிடம் நீட்டிவிட்டார், மீதியை நான் படித்தேன். இன்று நீ முப்பது பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித் தருகிறாய் என்றால் அது அந்தக் கல்லூரி செய்தது, அந்த நன்றி எனக்குச் சாகும்வரை உண்டு. உனக்கு நிதானமாகக் கேட்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள், கிடைத்தார்கள். எனக்குத் தேவைப்படுவது வேறு என்பதை மட்டும் நீ ஒத்துக்கொள்ள மறுக்கிறாய்.

மார்ச்சில் நான் ஆஷ்பியைப் பார்க்கப் போனபோது நடந்ததை உனக்கு முழுசாகச் சொல்லவில்லை, உன் மனது கஷ்டப்படும் என்று விட்டுவிட்டேன், இப்போது சொல்கிறேன். காரை நிறுத்தி இறங்கும் முன்பே டீன் அம்மா ஓடிவந்து கட்டிப்பிடித்து "நெல்ஸோட அம்மா!" என்றார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டி பிடித்திருந்தவர் "நெல்ஸோட அம்மாவா, ரெண்டு ஸ்கூப் வச்சுக்கோங்க" என்றார். நூலகத்தில், தோட்டத்தில், எங்கே போனாலும் நெல்ஸோட அம்மா. இந்த ஊரில் நான் மெர்லின் பெண்டாட்டி, வெர்னாவின் தங்கச்சி, குழாயில் மண் வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் கூப்பிடப்படும் தண்ணீர்க்கார ஆர்லிஸ். முப்பது வருஷமாக எல்லோருக்கும் தெரிந்தவளாக இருந்து எனக்குச் சலித்துவிட்டது. அப்புறம் ஒரு வகுப்பில் உட்கார வைத்தார்கள், ஏதோ பழைய நாடகம் ஒன்றைப் பற்றிப் பேசினார்கள், நான் வாயைத் திறந்து ஒன்று சொன்னேன், சொல்லி முடித்ததுமே அது அசட்டுத்தனம் என்று எனக்கே தெரிந்துவிட்டது, ஆனால் சுற்றி இருந்த அத்தனை பேரும் "எவ்ளோ அழகா சொல்லிட்டீங்க" என்று தலையாட்டினார்கள். அந்தக் குழந்தைகளுக்குக் கெட்ட மனதில்லை, எனக்குத்தான் உள்ளே சுருக்கென்றது. நான் தப்பாகப் பேசினால் தப்பு என்று சொல்லாதவர்கள் நான் சரியாகப் பேசும்போது சொல்லும் பாராட்டை நான் எப்படி நம்புவது? கடைசியாக நிலவியல் சொல்லித்தரும் பீல் என்கிற மனிதரைப் பார்த்தேன், அவரிடம் நம் ஊருக்குக் குடிதண்ணீர் தரும் இரண்டாம் நம்பர் கிணற்றைப் பற்றிக் கேட்டேன். மனிதர் நேர்மையானவர், மழுப்பவில்லை. "நானே மலைப் பாடமும் எடுக்கறேன், மழைப் பாடமும் எடுக்கறேன், போன வருஷத்துலேர்ந்து நட்சத்திரமும் எடுக்கறேன். இந்த டிபார்ட்மெண்ட்ல இருக்கறது ஒரு நல்ல மைக்ராஸ்கோப்பும் நானும்தான். உங்க கேள்வி எங்களுக்குப் பெருசு மேடம்" என்றார். அன்றே எனக்குப் பாதி முடிவாகிவிட்டது.

கிணற்று விஷயம் உனக்குக் கொஞ்சம்தான் தெரியும். வசந்தத்தில் பனி உருகி மூன்றாம் நாள் இரண்டாம் நம்பர் கிணற்றில் நைட்ரேட் ஏறும், வயலில் போட்ட உரம் இறங்குகிறது என்று எல்லோரும் சொல்வார்கள், சரி. ஆனால் மூன்றாம் நம்பர் கிணறு வயலுக்கு இன்னும் பக்கத்தில், தாழ்வில் இருக்கிறது, அதில் ஒரு துளிகூட ஏறாது. பதினாலு வருஷமாக இதைப் பார்க்கிறேன். அரசாங்கத்திலிருந்து சோதனைக்கு வந்தவரிடம் கேட்டபோது, "உங்க மெஷின் பழசும்மா, அதான் தப்பாக் காட்டுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மெஷினை மாற்றினோம், அப்போதும் ஏறியது. நைட்ரேட் கைக்குழந்தைக்கு விஷம், பால் பவுடர் கரைக்க நம் தண்ணீரை எடுக்கும் வீடுகள் இந்த ஊரில் பதினேழு இருக்கின்றன, வருஷத்தில் அந்தப் பத்து நாள் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவருவது நான்தான், ஏன் என்று கேட்டால் தெரியாது என்று நிற்பதும் நான்தான். அதற்காகத்தான் மாலை வகுப்பில் சேர்ந்து இரண்டு வருஷப் படிப்பை நாலு வருஷத்தில் முடித்தேன், அது இருந்தால் நேரே மூன்றாம் வருஷத்தில் சேரலாம். ஐம்பது வயதில் பொழுதுபோகாமல் சேர்ந்தேன் என்று உன் பெரியம்மா நினைக்கிறாள், நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஏப்ரலில் பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போனேன். அங்கே யாரும் ஓடிவந்து கட்டிப்பிடிக்கவில்லை. மழையில் இரண்டு முறை வழி தவறினேன், அலுவலகத்தில் ஒரு பெண் தலை நிமிராமலே "நெக்ஸ்ட்" என்றாள், சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தடிப்பயல் தன் எச்சில் தட்டை என் கையில் கொடுத்து "இதைக் கொஞ்சம் எடுத்துட்டுப் போயிடுங்க" என்றான். என்னைத் துப்புரவுக்காரி என்று நினைத்துவிட்டான். அந்த வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை, என் அம்மா அதைத்தான் செய்தாள், ஆனாலும் எனக்கு ரத்தம் ஏறியது, தட்டை வாங்கி அவன் முன்னாலேயே திரும்ப வைத்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் சாண்ட்விச்சை முழுசாகச் சாப்பிட்டேன், அவன் காதெல்லாம் சிவந்துபோய் தானே தட்டை எடுத்துக்கொண்டு போனான். அப்புறம் நிலத்தடி நீர் வகுப்பு. முந்நூறு பேர் கொள்ளும் மண்டபம், நான் கடைசி வரிசை. இஷிகாவா என்று ஒரு பேராசிரியர், ஆள் குள்ளம், குரல் மண்டபம் முழுக்கக் கேட்கும். கேள்வி உண்டா என்றார், ஒருத்தரும் கையைத் தூக்கவில்லை, நான் எழுந்து கிணற்றைப் பற்றிக் கேட்டேன். மனிதர் என் வயதைப் பார்க்கவில்லை, பேரைக் கேட்கவில்லை, "எவ்ளோ ஆழம்? களிமண் எத்தனை அடியில?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். நான் ஒரு இடத்தில் கிணற்றின் உறை எங்கே முடிகிறது என்பதைக் குழப்பிச் சொன்னேன், "தப்பு, அப்படி இருக்க முடியாது, மறுபடியும் யோசிங்க" என்றார், முந்நூறு பேர் முன்னால். யோசித்தேன், தப்புதான், திருத்திச் சொன்னேன். அப்புறம் பலகையில் கிணற்றை வரைந்து, அழித்து, மறுபடியும் வரைந்துவிட்டு, "எனக்குத் தெரியல. இது யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கிறேன். வியாழக்கிழமை லேபுக்கு ஒரு பாட்டில் தண்ணி கொண்டு வாங்க" என்றார். நெல்ஸ், நீ முதல்தடவை ஆஷ்பியில் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்த நாள் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதினாயே, எனக்கு அந்த நாள் அதுதான்.

பல்கலைக்கழகம்தான் என்று முடிவைச் சொன்னதும் ஊரே கூடிப் புத்தி சொன்னது. வெர்னா, "இந்த வயசுல அந்தச் சந்தைக் கூட்டத்துக்குள்ள போய் என்னடி பண்ணப்போற, ஆஷ்பி பக்கத்துல இருக்கு, பாத்துப்பாங்க" என்றாள். மேயர் சொன்னார், சர்ச்சில் பாஸ்டர் சொன்னார், பல் டாக்டர்கூட என் வாயில் கையை வைத்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை, பாத்துப்பாங்க. என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி நான் படிக்கப் போகவில்லை என்று அத்தனை பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். அப்பா மட்டும் மூன்றாம் நாள் காலையில் என் காருக்கு நாலு புது டயர் போட்டு வைத்திருந்தார். "எதுக்குங்க" என்றேன், "தூரம் ஜாஸ்தில்ல" என்றார், அவ்வளவுதான்.

இப்போது அந்த நாற்பத்து மூன்றுக்கு வருகிறேன், அதையும் பூசி மெழுகாமல் சொல்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஒரு வீட்டின் கீழ்த்தள அறையில் தங்கியிருக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கும் மெஷின், ஐந்து வாரம் கழித்தும் வகுப்பில் என் பேர் தெரிந்தவர்கள் மூன்று பேர். தேர்வு முடிவை நம்பர் போட்டுப் போடுகிறார்கள், என் நம்பருக்கு நேரே 43. கார் நிறுத்தும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் காருக்குள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதேன். ஆஷ்பியாக இருந்தால் அன்று சாயங்காலமே யாராவது வந்து கையைப் பிடித்திருப்பார்கள் என்று நீ எழுதியிருக்கிறாய், பிடித்திருப்பார்கள்தான். இங்கே யாரும் வரவில்லை, நானே மூக்கைச் சிந்திவிட்டு இறங்கினேன். அந்தப் பாடத்துக்கு உதவி ஆசிரியையாக இருக்கும் பெண்ணிடம் போனேன், உன்னைவிடச் சின்னவள், அவள் என் விடைத்தாளைப் புரட்டிவிட்டு, "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு, வேணும்னா இந்த சப்ஜெக்டை ட்ராப் பண்ணிடலாம், நிறையப் பேர் பண்றாங்க" என்றாள். நான் முடியாது என்றேன். "அப்போ தினமும் நாலு மணிக்கு ஹெல்ப் ரூமுக்கு வாங்க, கணக்குதான் உங்களுக்கு உதைக்குது, கெமிஸ்ட்ரி இல்ல" என்றாள். தினமும் போகிறேன். பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து லாகரிதம் போடுகிறேன், முப்பத்தைந்து வருஷம் முன்னால் படித்தது, மூளைக்குள் எந்த மூலையில் கிடக்கிறது என்றே தெரியவில்லை, தோண்டி எடுக்கிறேன். ஆனால் வியாழக்கிழமைதோறும் லேபில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. இஷிகாவாவுக்கு இன்னும் என் பேர் தெரியாது, "நம்பர் டூ எங்க? நம்பர் டூவைக் கூப்பிடுங்க" என்று கிணற்றின் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். நம் தண்ணீரில் கலந்திருக்கும் நைட்ரேட் வயல் உரத்திலிருந்து வந்தது இல்லை என்று கருவி காட்டிவிட்டது, பழைய வெண்ணெய்த் தொழிற்சாலை இருந்த இடத்தின் கழிவுக் குழியாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார்கள், நிச்சயம் சொல்ல இன்னும் வேலை இருக்கிறது. மார்ச்சில் பனி உருகும்போது அவரும் நாலு மாணவர்களும் லிண்டாலுக்கே வருகிறார்கள். அந்தப் பதினேழு வீட்டுக்கும் ஒரு பதில் கொண்டுபோகப் போகிறேன், அதற்கு முன்னால் இதை விட்டுவிட்டு வா என்று நீ சொன்னாலும் கேட்கமாட்டேன், யார் சொன்னாலும் கேட்கமாட்டேன்.

இனி அந்தச் சீட்டைப் பற்றி. டீன் அம்மாவின் கடிதம் வந்ததும் முதலில் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். அப்புறம் யோசித்தேன், ஒரு நல்ல இடம் சும்மா எனக்காகக் காத்துக் கிடப்பானேன். மரிசோலை உனக்குத் தெரியும், நகர அலுவலக ஜன்னலில் தண்ணீர் பில் வாங்கும் பெண், இருபத்தாறு வயது, மாலை வகுப்பில் நாலு வருஷமும் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். எதைச் சொன்னாலும் ஏன் என்பாள், படிக்காத புத்தகம் கிடையாது, ஆசிரியரோடு சண்டை போடாத நாள் கிடையாது. இரண்டு வருஷப் படிப்பு முடிந்ததும் அவள் எங்கேயும் விண்ணப்பம் போடவில்லை, "அங்கெல்லாம் எங்க ஆளுங்க போறதில்ல ஆர்லிஸ்" என்றாள், அவள் அப்பாவும் அம்மாவும் கோழிப் பண்ணையில் வேலை செய்கிறவர்கள். செவ்வாய்க்கிழமை இரசாயன வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, ஆமாம் மட்டம் போட்டேன், அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஷ்பிக்குப் போனேன். டீன் அம்மா கையை விரித்துக்கொண்டு வந்தார்கள், "வந்துட்டீங்களா, சந்தோஷம்" என்றார்கள். நான், "எனக்கு அந்த சீட்டு வேண்டாம்மா, பையன் எங்கிட்டக் கேக்காம சொல்லிட்டான். ஆனா இவகிட்ட அரை மணி நேரம் பேசிப் பாருங்க" என்றேன். அவர்கள் முகம் கொஞ்சம் மாறியது, விண்ணப்பம் இல்லையே, தேதி முடிந்துவிட்டதே என்று மென்மையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அதற்குள் மரிசோல் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த கல்லூரி வரலாற்றுப் பலகையைப் படித்துவிட்டாள். "இந்தக் கல்லூரி காலி நிலத்துல கட்டினதுன்னு போட்டிருக்கு. காலி நிலமா? யாரு மேடம் காலி பண்ணாங்க?" என்று கேட்டாள். போச்சு, பூர்வகுடிகளை விரட்டிய கதையைக் கிளறிவிட்டாள், காரை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். டீன் அம்மா பலகையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், "இருபத்திரண்டு வருஷமா இதைத் தாண்டித்தான் தினமும் போறேன்" என்றார்கள், அறைக் கதவைத் திறந்து "உள்ள வாங்க" என்று அவளை அழைத்துக்கொண்டு போனார்கள். இரண்டு மணி நேரம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து லாகரிதம் போட்டேன். வெள்ளிக்கிழமை கடிதம் வந்துவிட்டது, ஜனவரியில் சேரலாம், எனக்கு என்று ஒதுக்கிய அதே உதவித்தொகையோடு. மரிசோல் நகர அலுவலக ஜன்னலை மூடிவிட்டு ஓடிவந்து நம் சமையலறையில் நின்று அழுதாள், அப்பாவுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அவளுக்கு ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தார்.

ஆக அந்தச் சீட்டு இப்போது இல்லை, நான் திரும்பிப் போக இடமும் இல்லை, அதை நானே அடைத்துவிட்டேன், நிம்மதியாக இருக்கிறது. உன்மேல் இருந்த கோபமும் எழுதி முடிக்கும்போது பாதி இறங்கிவிட்டது, மீதியைக் கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது நேரில் தீர்த்துக்கொள்கிறேன். வரும்போது பேசு, எவ்வளவு நேரம் ஆனாலும் பேசு, நானும் அவசரப்படாமல் கேட்பேன். அப்பாவுக்கு உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது, வாய்விட்டுச் சொல்லமாட்டார், உன் அறையின் ஜன்னலைச் சரி செய்துகொண்டே இருக்கிறார். கண் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே, இரவில் கார் ஓட்டும்போது மங்கலாகத் தெரிகிறது என்று நீயே எழுதினாய். உன் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத ஒரு பெண் இருக்கிறாள் என்றாயே, அவளை விட்டுவிடாதே.

நீ நீண்ட ஆயுளோடு, திடமான மனதோடு, உனக்குப் பிடித்த வேலையில் நிறைவாக இருக்க வேண்டும், கடவுள் உன் பக்கத்திலேயே நிற்கட்டும். மறந்துவிடாதே, 27-ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எனக்கு இரண்டாவது இரசாயனத் தேர்வு. வாழ்த்து அனுப்புவதானால் அனுப்பு. யாருக்கும் போன் செய்யாதே.

உன் அம்மா,
ஆர்லிஸ் பிராண்ட்வால்ட்,
மூன்றாமாண்டு மாணவி